டெஸ்ட் ஐயா நலமாக இருக்கிறார்

பெறுநர்: சேமிப்பகக் கண்காணிப்புப் பிரிவு, எங்கள் மார்க்கெட்டிங் தளத்தின் தலைமையகம்.

பொருள்: எங்கள் கணக்கு 100.2 சதவீதம் நிரம்பி வழியும் பாக்கியம் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மா அல்லது தானியங்கி அவர்களே,

ஆடிப்பெருக்குத் தள்ளுபடி மின்னஞ்சலை அனுப்பும் பொத்தானைத் தன் கையாலேயே அழுத்த வேண்டும் என்று எங்கள் முதலாளி ஆசைப்பட்டார். ஈரோட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளி விற்கும் குடும்பம். நல்ல நேரம் பார்த்து, மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்து அழுத்தினார். திரை சிவந்தது. சேமிப்பு வரம்பைத் தாண்டிவிட்டோமாம், அனுப்புதல் நிறுத்தப்பட்டதாம், அப்கிரேடு செய்ய இங்கே சொடுக்க வேண்டுமாம்.

"ஏந்தம்பி, ஒருத்தருக்காச்சும் போச்சா?"

"போச்சுங்க. டெஸ்டுக்குப் போச்சுங்க."

"ஆருப்பா அது, நல்ல பார்ட்டியா?"

டெஸ்ட் ஐயாவைத் தாங்கள் அறிவீர்கள். முழுப்பெயர் டெஸ்ட் டெஸ்ட். ஊர் ஏஎஸ்டிஎஃப். செல்பேசி எண், ஒன்பது ஒன்பதாகப் பத்து. பிறந்தநாள் 1970 ஜனவரி 1. கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாமல் போனவர்கள் எல்லோரும் பிறந்த அதே நன்னாள். ஆண்டுதோறும் அன்று அவருக்குத் தங்கள் தளம் வாழ்த்து அனுப்பத் தவறியதில்லை. அவரும் இதுவரை ஒரு கர்ச்சீப் கூட வாங்கியதில்லை.

தாங்கள் கைவிட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படங்களைச் சுருக்குங்கள் என்று தங்கள் உதவிப் பக்கம் கனிவோடு வழிகாட்டியது. போட்டோகிராபர் எடுத்துத் தந்த பட்டுப்புடவைகளை எல்லாம், ஜரிகை மங்கும் அளவுக்குச் சுருக்கினோம். சேமிப்பளவைக் காட்டும் சிவப்புக் கோடு மயிரிழையும் நகரவில்லை. காரணம், இடத்தைப் பிடித்திருந்தது புடவை அல்ல, லாக். ஒரு லட்சம் பேருக்கு வாரம் ஒரு மின்னஞ்சல் என்றால், 'அனுப்பினேன்' என்று தாங்கள் எழுதிவைக்கும் குறிப்புகளே ஆண்டுக்கு 52 லட்சம் வரிகள். திறந்தார், சொடுக்கினார், பவுன்ஸ் ஆனது எல்லாம் அதற்கு மேல்.

1956இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமாக் இயந்திரத்தின் வட்டு, ஒரு டன் கனத்தில் 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. எங்கள் ஓராண்டு லாகில் வரிக்கு ஒரே ஓர் எழுத்து வைத்தாலும் அதில் அடங்காது. அதற்குப் பிறகு உலகத்தில் சேமிப்பின் விலை எவ்வளவோ சரிந்திருக்கிறது, தங்கள் விலைப்பட்டியலைத் தவிர.

அந்த லாக் வரிகளில் எத்தனை மனிதர்களுடையவை? ஆப்பிள் தன் மெயில் செயலியில் 2021இல் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டைப் போட்டுக்கொண்டவர் கடிதத்தைத் திறக்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடும். தாங்கள் உளவுக்கு ஒளித்துவைத்த பிக்சலும் அவற்றோடு இறங்கும். உடனே 'திறந்தார்' என்று ஒரு வரி. கம்பெனிகளின் பாதுகாப்பு மென்பொருள், ஆபத்து உண்டா என்று ஒவ்வொரு லிங்க்கையும் தொட்டுப் பார்க்கும். உடனே 'ஆர்வம் காட்டினார்' என்று இன்னொரு வரி. ஆக, எங்கள் வாடிக்கையாளர்களில் கணிசமானோர் டெஸ்ட் ஐயாவின் நெருங்கிய உறவினர்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் உங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கிவிட்டு, இடம் போதவில்லையா, பக்கத்து அறையும் தருகிறேன் என்கிறீர்கள்.

சரி, அழிக்கலாம் என்று போனால், தரவு அடுக்கிய டேபிள்களில் எது எவ்வளவு இடம் தின்கிறது என்று தங்கள் டேஷ்போர்டு காட்டாது. பெயர் வரிசை மட்டும் காட்டும். 'தீபாவளி ஃபைனல் காப்பி', 'தீபாவளி ஃபைனல் காப்பியின் காப்பி' என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். அங்கேயும் அதே இடத்தைப் பிடிக்கும். கோடு குறைந்ததா என்று தெரிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அப்கிரேடு பொத்தான் மட்டும் கணப்பொழுதில் வேலை செய்கிறது. எவ்வளவு கெட்டிக்கார இன்ஜினியர்கள்!

கரூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அப்பா காலமாகிவிட்டார், இனிமேல் எதுவும் அனுப்பாதீர்கள் என்று இரண்டே வரி. அன்றே பட்டியலிலிருந்து நீக்கினோம். அடுத்த பிறந்தநாளில், தங்கள் தளம் தானாகவே எடுத்துவைத்திருந்த ஏதோ ஒரு நகல் டேபிளிலிருந்து அந்தப் பெரியவருக்கு வாழ்த்து போயிருக்கிறது, 15 சதவீதத் தள்ளுபடியோடு. மகன் அதை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் எங்களுக்கே திருப்பி அனுப்பினார். அவருக்கு நான் என்ன பதில் எழுத? காரியம் முடிந்த தரவை அழித்துவிட வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நீங்களோ, நாங்கள் அழிக்கச் சொன்னதையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, அந்த நகலுக்கும் காசு கேட்கிறீர்கள். பிறக்காத டெஸ்டுக்குச் சாவில்லை, செத்த மனிதருக்கு விடுதலை இல்லை. வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். தங்கள் டேஷ்போர்டின் புதிய நீல நிறம் மிக எடுப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

சிறு விண்ணப்பங்கள் சில. டேபிள்களைப் பருமன்வாரியாக வரிசைப்படுத்திக் காட்டுங்கள். 80 சதவீதத்திலேயே எச்சரியுங்கள். நூறைத் தாண்டிய பிறகு சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல. புதிய டேபிள் தொடங்கும்போதே எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேளுங்கள். இப்போது யாரும் கேட்காமலே 'என்றென்றும்' என்று டிக் ஆகியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குத்தான் அந்தச் சொல் பொருத்தம்.

முதலாளி கூடுதல் இடத்துக்குப் பணம் கட்டிவிட்டார். ஆடி வியாபாரம், வேறு வழி? டெஸ்ட் ஐயாவுக்கும் ஒரு வேட்டி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இன்னும் நான் விளக்கவில்லை. ஆவணி பிறந்ததும் எல்லா லாகுக்கும் ஆறு மாதக் கெடு வைக்கப்போகிறேன். மாதவாரி மொத்தக் கணக்கை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, வரி வரியாகக் கிடப்பதைத் துடைத்துவிடுவேன். வேண்டாம் என்றவர்களின் முகவரி மட்டும், தப்பித்தவறி மறுபடி அவர்களுக்குப் போய்விடாமலிருக்க, ஓர் ஓரமாக இருக்கும்.

அதன்பின் கணக்கில் பாதி இடம் காலியாகிவிடும். 'இவ்வளவு இடம் தங்களுக்குத் தேவையில்லையே, சின்னத் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்' என்று தங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும் என்று நம்பிக் காத்திருப்பேன். ஸ்பேம் பெட்டியிலும் தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் மதிப்புமிக்க பயனாளர்