ஏழரை அங்குலம்

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் சட்டப்படி, 16 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள உல்லாசப் படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருந்தால் போதாது. தண்ணீரில் விழுந்தவரை நோக்கி வீசுவதற்கென்றே ஒரு மிதவை தனியாக இருக்க வேண்டும். வளையமாகவும் இருக்கலாம், சதுரக் குஷனாகவும் இருக்கலாம். கயிற்றுப் பையை வீசிக்கொள்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 16 அடிக்கு ஒரு நூல் குறைந்தால்கூட இந்தத் தொல்லை இல்லை.

எங்கள் படகு ஹோபி 16. நீளம் 16 அடி 7 அங்குலம். ஏழு அங்குலத்தை அறுத்து எறிந்தாலும் சரியாகப் பதினாறில் வந்து நிற்கும், சட்டம் விடாது. விடுதலை வேண்டுமென்றால் ஏழரை அங்குலம் அறுக்க வேண்டும். எங்களைப் பிடித்திருப்பது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுக்கானைக் கழற்றி வைத்துவிட்டு அளந்து காட்டலாமே என்று ஒரு யோசனை சொன்னேன். அளக்கும்போது சுக்கானை அவர்களே கணக்கில் சேர்ப்பதில்லையாம். நமக்குத் தோன்றுகிற குறுக்குவழி எல்லாம் சட்டம் எழுதியவருக்கு முன்பே தோன்றியிருக்கிறது. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பதினேழு அடி கனூவுக்கு விலக்கு. கயாக்குக்கும் விலக்கு. துடுப்புப் போடுகிறவன் விழமாட்டான், பாய் கட்டியவன் விழுந்தே தீருவான் என்று வாஷிங்டனில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை நான் மறுக்கவில்லை.

படகு என் சகலையுடையது. ஆஸ்டின் பக்கத்தில் டிராவிஸ் ஏரியில் ஓட்டுகிறோம். அவர் கேப்டன், நான் க்ரூ. க்ரூவுக்குச் சம்பளம் கிடையாது. பாயின் அடியில் இருக்கும் பூம் மண்டையில் இடித்தால், “குனிஞ்சிருக்கணும் சகலை” என்று ஆறுதல் கிடைக்கும். நான் மதுரைக்காரன். வைகையில் நீச்சல் கற்றவன் என்று சொல்லிப் பார்த்தேன். அவரும் வைகையைப் பார்த்தவர்தான் என்பதால் எடுபடவில்லை.

ஹோபி என்பது ஹோபி ஆல்ட்டர் என்ற கலிபோர்னியாக்காரரின் பெயர். சர்ஃப் பலகை செய்து பேர் வாங்கியவர். 1968இல் 14 அடியில் ஒரு இரட்டைப் படகு செய்தார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அடுத்து இந்த 16ஐச் செய்து உலகம் முழுக்க விற்றார். கெட்டியான அடிப்பாகம் வைத்த ஷூ போடாமலும், பசிபிக் கடலோர நெடுஞ்சாலைக்குக் கிழக்கே போய் வேலை பார்க்காமலும் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கை லட்சியமாம். நிறைவேற்றிக்கொண்டு 2014இல் போய்ச் சேர்ந்தார். கழுத்தில் அடையாள அட்டையோடு, அந்த நெடுஞ்சாலைக்கு வெகுதூரம் கிழக்கே, திங்கள் காலை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது இதை நினைத்துப் பார்க்கக் கூடாது.

அவர் செய்த படகில் அறை கிடையாது, பெட்டி கிடையாது, உட்கார ஒரு பலகைகூடக் கிடையாது. நீளமான இரண்டு உடல்கள், அவற்றைச் சேர்க்கும் அலுமினியக் குழாய்கள், நடுவே இழுத்துக் கட்டிய டிராம்போலின் துணி, மேலே பாய்மரம். அவ்வளவுதான். அகலம் எட்டு அடிக்கு ஓர் அங்குலம் குறைவு, எடை சுமார் 145 கிலோ. மணலிலிருந்து தள்ளி அலைக்குள் இறக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது. டிராம்போலினில் தைத்திருக்கும் பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் கார் சாவியும் போகும். அதற்கு மேல் சொத்து வைத்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஆல்ட்டர் படகு செய்யவில்லை.

இதில் அந்தக் குஷனை எங்கே வைப்பது?

லைஃப் ஜாக்கெட்டாவது எளிதில் எடுக்கும்படி இருந்தால் சட்டத்துக்குப் போதும். வீசும் மிதவை அந்த நொடியே கைக்கு வர வேண்டும். பூட்டிய பெட்டி கூடாது, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு இருக்கவும் கூடாது. சகலை முதலில் பாய்மரத்தின் அடியில் கட்டினார். முன்பாயின் கயிறு குஷனின் கைப்பிடிப் பட்டைக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டது. படகு ஒரு பக்கம் திரும்ப, பாய் மறு பக்கம் வரமாட்டேன் என்றது. பின்பக்கம் மாற்றினார். பெரிய பாயின் கயிற்றுச் சுருளுக்கும் அதற்கும் ஆகவில்லை. கடைசியில் டிராம்போலினுக்கு அடியில் கட்டினார். இடம் அருமையான இடம், யார் காலிலும் படவில்லை. ஆனால் அதை எடுக்க வேண்டுமென்றால் முதலில் நாம் தண்ணீரில் விழ வேண்டும்.

கட்டாமல் சும்மா மேலே வைத்தும் பார்த்தோம். காற்று கொஞ்சம் பலமாக அடித்ததும் அது தானாகவே புறப்பட்டுப் போய்விட்டது. போனதை அப்படியே விடவும் முடியாது. அது இல்லாமல் ஓட்டினால் குற்றம். படகைத் திருப்பி, காற்றோடு மல்லுக்கட்டி, நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டி அதைத் தூக்கினேன். டிராவிஸ் ஏரியில் நாங்கள் இதுவரை காப்பாற்றியிருக்கும் ஒரே ஜீவன் அந்தக் குஷன்தான்.

சரி, வைக்க இடம் கிடைத்துவிட்டது, ஆளும் விழுந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல காற்றில் ஹோபி 15 நாட் வேகம் பிடிக்கும். நொடிக்குக் கிட்டத்தட்ட 8 மீட்டர். க்ரூ விழுந்ததைக் கேப்டன் கவனித்து, சுக்கானை ஒரு கையிலும் பாய்க்கயிற்றை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, இல்லாத மூன்றாவது கையால் குஷனை அவிழ்க்க ஐந்து நொடி என்றால், நான் 40 மீட்டர் பின்னால் இருப்பேன். கரையில் நின்று சகலை வீசிப் பழகியபோது நான் கூடவே இருந்தேன். அது பத்து மீட்டர் போனாலே அதிகம். காற்றுக்கு எதிரே வீசினால் பாசத்தோடு வீசியவரிடமே திரும்பி வருகிறது.

திரும்பி வந்து கொடுக்கலாமே என்பீர்கள். ஹோபி 16 காற்றுக்கு எதிராகத் திரும்பச் சம்மதிக்காத படகு. அடியில் இறக்கும் பலகை கிடையாது. நடுவழியில் மூக்கைக் காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றுவிடும், பிறகு மெதுவாகப் பின்னோக்கி நகரும். அதைச் சமாதானப்படுத்தித் திருப்புவதற்குள் கீழே கிடப்பவர் தன் வாழ்க்கையை முழுதாக ஒருமுறை நினைத்துப் பார்த்துவிடலாம், கல்யாண வீடியோ உட்பட.

உண்மையில் அந்த அளவுக்குக்கூடப் போகாது. பலத்த காற்றில் க்ரூ என்பவர் இடுப்புப் பட்டையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, படகுக்கு வெளியே தொங்கி, தன் எடையால் அது கவிழாமல் பிடித்துக்கொண்டிருப்பவர். அவர் விழுந்தால் அந்த எடையும் போகிறது. மறு நிமிடம் படகு கவிழ்கிறது. வீச வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் மிதந்துகொண்டு, “அடி பட்டுச்சா சகலை?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். குஷன் படகோடு இருக்கிறது, தனக்கென்று ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கையோடு. இலவு காத்த கிளிக்காவது கடைசியில் பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கிடைத்தது.

அப்போது பிடிக்க வேண்டியது படகைத்தான். நம் கட்டுமரத்தைப் போலவே இதுவும் கவிழும், மூழ்காது. ஆனால் பக்கவாட்டில் படுத்த ஹோபியின் டிராம்போலின் செங்குத்தாக நின்று காற்றை முழுதாக வாங்கிக்கொள்ளும். நீந்துகிறவர் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் படகு ஒதுங்கிப் போகும். கயிற்றின் ஒரு நுனியாவது கையில் இருக்க வேண்டும், உடம்பில் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் சகலை விளையாடமாட்டார். பார்க்கிங்கிலேயே கொக்கியை மாட்டிவிட்டுத்தான் காரைப் பூட்டுவார்.

சட்டம் போட்டவர்களைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கைப்பிடிக் கம்பி, நாலைந்து பேர், நிற்க இடம் என்று இருக்கிற படகில் அது சரியான ஏற்பாடு. வெள்ளை நுரை பறக்கும் நாளில் தண்ணீரில் ஒரு மனிதத் தலை எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் பளிச்சென்று ஒரு குஷன் மிதந்தால் ஆள் விழுந்த இடத்துக்காவது அடையாளம் இருக்கும். பிடிப்பவர் அதை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். பட்டைகளில் கையை விட்டு முதுகில் மாட்டிக்கொண்டால் முதுகு மிதக்கும், முகம் தண்ணீருக்குள் போகும். முதுகில் மாட்டாதே என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூழ்குகிறவர் முதலில் அதைப் படிக்க வேண்டும்.

இப்படி வாழ்ந்துகொண்டிருந்தபோது மாமியார் ஆறு மாத விசாவில் வந்தார். இருவருக்கும் ஒரே மாமியார் என்பதுதான் சகலை உறவின் அஸ்திவாரம். போடிநாயக்கனூர்க்காரர். தரையில் உட்கார்ந்துதான் கீரை ஆய்வார். சகலை வீட்டு மரத்தரை அவர் முட்டிக்கு ஒத்துவரவில்லை.

அதற்குள் சகலை ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். குஷனை ஒரு துணிப்பைக்குள் செருகி, இழுத்தால் உடனே பிரியும் வெல்க்ரோ வைத்து, பின்பக்கக் குழாயில் கட்டிவிடுவார். ஒரு சனிக்கிழமை அந்தப் பையைக் கராஜிலிருந்து எடுத்து வந்து கட்டினார், கிளம்பினோம். ரோந்துப் படகில் அதிகாரி ஒருவர் பக்கத்தில் வந்தார். லைஃப் ஜாக்கெட்? போட்டிருக்கிறோம். பதிவுப் பத்திரம்? இருக்கிறது. வீசும் மிதவை?

அந்தக் கேள்விக்காகவே சகலை எத்தனையோ மாதமாகக் காத்திருந்தார். முகத்தில் அப்படியொரு பெருமிதம். வெல்க்ரோவைச் சரக்கென்று பிரித்து, கையை உள்ளே விட்டு, வெளியே எடுத்தார். வந்தது மயில். தோகை விரித்த மயில் எம்பிராய்டரி போட்ட, சோபா தலையணை.

அதிகாரி அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கடலோரக் காவல்படையின் அங்கீகார எண்ணைத் தேடியிருக்க வேண்டும். “இது மிதக்குமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “கொஞ்ச நேரம்” என்றார் சகலை. எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். தலையணையைத் திருப்பிக் கொடுக்கும்போது, மயில் அழகாக இருக்கிறது என்று அதிகாரி சொன்னதை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், மாமியார் குஷன்மேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“அத்தை, இதை ஏன் எடுத்தீங்க? ஏரியில மானம் போச்சு.”

“ஒண்ணுக்கு ஒண்ணு வெச்சுட்டுத்தானே எடுத்தேன் மாப்பிள்ளை?”

“இது தண்ணியில வீசறதுக்கு அத்தை.”

“அதைத்தான் நானும் கேட்கறேன். தூக்கி எறியற சாமானுக்கு எதுக்குங்க நல்ல மெத்தை? பழசு கிடக்கே, அதை எறிங்க.”

இந்த வாதத்துக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் பதில் இல்லை. சகலை என்னைப் பார்த்தார். நான் கீரையைப் பார்த்தேன்.

மாமியார் குஷனின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். “உள்ளே என்ன, நுரையா? இலவம்பஞ்சு போட்டிருந்தா உட்கார எவ்வளவு சுகமா இருக்கும்!” போடிக்காரர் எங்கே போனாலும் இலவம்பஞ்சை விட்டுக்கொடுக்கமாட்டார் என்று சகலை சிரித்தார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் இந்த மிதவைகளையும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் பல காலம் இலவம்பஞ்சு அடைத்துத்தான் செய்தார்கள். அதன் இழை உள்ளே கூடாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும், தண்ணீர் ஒட்டாது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் பஞ்சு வரத்து நின்றுபோயிற்று. பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பி, நம் எருக்குக்கு உறவான ஒரு பால்செடியின் காய்களைப் பறித்துவரச் சொன்னார்கள். காய்க்குள் இருக்கும் பஞ்சு லைஃப் ஜாக்கெட்டுக்குப் போயிற்று. இரண்டு மூட்டைக் காய்க்கு ஓர் உயிர் என்று கணக்குச் சொல்லி ஊர் ஊராகப் பிரசாரம் நடந்தது.

இதை எடுத்துச் சொன்னேன். மாமியாருக்கு ஆச்சரியமே இல்லை. எருக்கம்பஞ்சுத் தலையணை உடம்புக்கு நல்லது என்றார்.

குஷனை அவரிடமே விட்டுவிட்டு சகலை புதிதாக ஒன்று வாங்கினார். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், அங்கீகார எண் பெரிதாக. பிரித்துக் கூடத்தில் வைத்தோம். மாமியார் வந்து அதில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்து பழையதில் உட்கார்ந்து பார்த்தார், மறுபடி புதியதில் உட்கார்ந்தார்.

“இது கொஞ்சம் உசரமா இருக்கு மாப்பிள்ளை. இது இங்கேயே இருக்கட்டும். பழசைப் படகுக்கு எடுத்துக்குங்க” என்றார்.