பீரோ பாடாது, மாப்ளே

மாப்ளே, நீ போன்ல கேட்டதை ராத்திரி பூரா யோசிச்சேன். கொசுக்கடியில தூக்கம் வரல, அதனால யோசிச்சேன்னு வையி. "மாமா, பாட்டை அடுக்கி வைக்கிற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, துட்டு கட்டி வாங்கலாமா?"ன்னு கேட்ட. சென்னையில படிச்சவன் அம்புட்டுப் பேர் இருக்கையில, கோவில்பட்டிக்குக் கெழக்க ரேடியோ செட்டு கட்டி வயித்தக் கழுவின கெழவன்கிட்ட வந்து கேட்ட பாரு, அங்கதான் நீ மாட்டிக்கிட்ட. வாங்கணும்னு முடிவு பண்ணினவன்தான் இப்பிடிக் கேப்பான். 'வேண்டாம்'னு சொல்ல ஒரு ஆளு வேணும். அந்தாளு பேச்சை மீறி வாங்கினாத்தான் ருசி.

சரி, எனக்கென்ன தெரியும், பட்டிக்காட்டான். பேரனை உக்கார வச்சு செல்லுல படிச்சுக் காட்டச் சொன்னேன். நீ சொன்னது 'ரூன்'னு ஒண்ணாம், 2015-ல வந்ததாம். அதுக்கு வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் தலையாரி மாதிரி ராவும் பகலும் முழிச்சிருக்கணுமாம். நீ சேத்து வச்ச பாட்டையும், டைடல், கோபஸ்னு வாடகைக்குப் பாட்டு விடுற கம்பெனிக்காரன் பாட்டையும் ஒரே தொட்டியில விட்டு, அட்டைப்படம், பாடினவன் பூர்வீகம், கூட வாசிச்சவன் பேரு எல்லாத்தையும் தோரணம் கட்டிக் காட்டுமாம். அடுப்படியில ஒரு பாட்டு, மச்சுல ஒரு பாட்டுன்னு பிரிச்சும் விடுமாம். நல்ல சாமான்தான், நான் குறை சொல்லல.

வெலையைப் படிச்சான் பாரு, வெத்தலை தொண்டையில சிக்கிருச்சு. மாசம் 14.99 டாலர். வருசத்துக்குச் சேத்துக் கட்டினா 149.88. ஆயுள் சந்தா 829.99. டாலரை 85 ரூவான்னு குறைச்சே வச்சாலும் 70,000-ஐத் தாண்டுது. அந்தத் துட்டுக்குச் சந்தையில கன்னுக்குட்டியோட ஒரு கறவை மாடு பிடிக்கலாம் மாப்ளே. அதுவும் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து கத்தும். ஆனா காலையில பாலு கறக்கலாம்.

ஆயுள் சந்தாங்கானே, யாரு ஆயுள்? உன் ஆயுளா, கம்ப்யூட்டர் ஆயுளா, கம்பெனி ஆயுளா? வருசச் சந்தாவோட ஒப்பிட்டுப் பாத்தா, அஞ்சரை வருசம் தாண்டினாத்தான் உனக்கு ஆதாயம். அந்த ரூன் கம்பெனி பொறந்து எட்டாவது வருசத்துல, 2023-ல, ஹர்மான் கைக்குப் போயிருச்சு. ஹர்மான் சாம்சங்கோட சொத்து. கெட்டுப்போச்சுன்னு சொல்லல, வீட்டுக்காரன் மாறினா வாடகைக்காரன் கொஞ்சம் வாசலை எட்டிப் பாக்கணும், அம்புட்டுத்தான். பிளெக்ஸ்னு இதே மாதிரி சோலி பாக்குற இன்னொருத்தன் ஆயுள் சந்தாவை 119.99 டாலர்ல இருந்து 249.99-க்கு ஏத்தினது 2025 ஏப்ரல்ல. கூகுள்காரன் பிளே மியூசிக்குங்கிற பாட்டுக்கடையை 2020-ல சாத்தினான். ஏர்டெல்காரன் விங்க்குங்கிற தன் பாட்டுக்கடையை 2024-ல சாத்தினான். பாட்டுக்கு ஆயுசு கூட, கடைக்குத்தான் ஆயுசு கம்மி.

சிரிக்காத. பாட்டை அடுக்கி அழகு பாக்குற இந்தச் சீக்கு எனக்கும் ஒருக்கா வந்துச்சு.

தொழில் நல்லா ஓடின நாளு அது. காதுகுத்து, சடங்கு, கோயில் கொடைன்னு என் குழாய் கட்டாத வேப்பமரம் சுத்துவட்டாரத்துல கிடையாது. கையில எரநூறு முந்நூறு பாட்டுப் பிளேட்டு இருந்துச்சு. எல்லாம் ஒரு தகரப் பெட்டியில கெடக்கும். எந்தப் பாட்டு எந்தப் பிளேட்டுல, எந்தப் பக்கம், எத்தனாவது வளையம்னு இருட்டுல தடவிச் சொல்லுவேன். உறையில எண்ணெய்க் கறை இருந்தா பக்திப் பாட்டு, மூலை கிழிஞ்சிருந்தா பொண்ணு அழைப்புப் பாட்டு. அதுதான் எனக்கு சாஃப்ட்வேர்.

அப்ப ஒரு கிறுக்குப் புடிச்சிச்சு. பெரிய செட்டுக்காரன்னா பெரிய அலமாரி வேண்டாமான்னு, ரெண்டு மாச வருமானத்தைப் போட்டு ஒரு இரும்பு பீரோ வாங்கினேன். பச்சைக் கலரு. உள்ள அஞ்சு தட்டு. தட்டுக்கு ஒரு சீட்டு ஒட்டி, சோகம், சந்தோசம், சாமி, டூயட்டு, தத்துவம்னு பிரிச்சேன். பிரிக்கவே ஒரு மாசம் ஆச்சு. அந்த ஒரு மாசமும் ஒரு பாட்டு கேக்கல. வாறவன் போறவனையெல்லாம் கூப்பிட்டுக் கதவைத் தொறந்து காட்டுவேன். ஒருநா உங்க அத்தை கேட்டா: "எல்லாரையும் கூட்டியாந்து காட்டுதீகளே, இந்தப் பீரோ பாடுமா?"

அதோட போச்சா? மேற்குச் சுவத்தோரம் நிறுத்தியிருந்தேன். பிளேட்டையெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு படுக்கப் போட்டிருந்தேன். சித்திரை வெயிலு அந்த இரும்பைக் காய்ச்சின காய்ச்சுல, பாதிப் பிளேட்டு அப்பளமா வளைஞ்சு போச்சு. முள்ளை வச்சா, பாடுறவரு மேட்டுல ஏறிப் பள்ளத்துல எறங்குதாரு. தகரப் பெட்டியிலயே நிமித்தி விட்டிருந்த மிச்சப் பிளேட்டு பூரா பத்திரமா இருந்துச்சு. அடுக்குறதுக்கு வாங்கின சாமான் பாட்டைத் தின்னுச்சு.

இப்ப உன் கதைக்கு வருவம். 40,000 பாட்டு வச்சிருக்கேன்னு பெருமையடிச்ச. பாட்டுக்கு நாலு நிமிசம்னு போடு. தினம் ஒரு மணி நேரம் கேட்டா, ஒவ்வொரு பாட்டையும் ஒருக்கா கேட்டு முடிக்கவே ஏழு வருசத்துக்கு மேல ஆகும். போன வாரம் நீ கேட்ட பாட்டு எத்தனைன்னு உண்மையைச் சொல்லு. அதே பதினஞ்சு பாட்டுதானே? பதினஞ்சு பாட்டுக்கு எதுக்கு மாப்ளே நூலகம்? ஒரு கேசட்டு போதும்.

கேசட்டுன்னதும் ஞாபகம் வருது. பஜார்ல பாட்டு பதியுற கடை இருக்கும். ஒரு தாள்ல பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துட்டு வந்தா, ரெண்டு நாள் கழிச்சு 90 நிமிசக் கேசட்டுல பதிஞ்சு குடுப்பான். ஒவ்வொரு படத்துக்கும் நம்பர் போட்டு நோட்டு வச்சிருப்பான். நீ எழுதின ஒரு பாட்டு அவங்கிட்ட இல்லேன்னா, உன்னைக் கேக்காமலே அவனுக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொருகிருவான். திட்டிக்கிட்டே கேப்பம், பத்தாவது தடவை கேக்கையில அதுதான் பிடிச்ச பாட்டா இருக்கும். இப்ப 'உங்களுக்காக'ன்னு செல்லு பொறுக்கிப் போடுதே, அது அந்தக் கடைக்காரன் செஞ்ச வேலைதான். ஆனா அவன்கிட்ட சண்டை போடலாம், இதுகிட்ட போட முடியாது.

துட்டு எதுக்குக் கட்டுறோம்னு தெரிஞ்சு கட்டணும். இதுல ரெண்டு சங்கதி இருக்கு, நீ ரெண்டையும் போட்டுக் குழப்புத. மாசச் சந்தா கட்டிக் கேக்குறது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணி. 2019 பிப்ரவரியில ஸ்பாட்டிஃபை நம்ம நாட்டுக்கு வந்தப்ப மாசம் 119 ரூவா. எவ்வளவு வேணாலும் புடிச்சுக்கலாம், விளம்பரம் கிடையாது. ஆனா குழாயைத் திருப்புறவன் வேற ஆளு. 2023 மார்ச்சுல ஜீ மியூசிக்கோட பேச்சு முறிஞ்சதும், அந்தக் கம்பெனிப் பாட்டு பூரா ஸ்பாட்டிஃபைல காணாமப் போச்சு. நீ கட்டின சந்தா அப்பிடியேதான் இருந்துச்சு, பாட்டைத்தான் காணோம். செல்லுல இறக்கி வச்சிருக்கேனேன்னு நினைக்காத; சந்தா நின்னா அதுவும் பூட்டிக்கிடும். சொந்தமா சிடி வாங்கிப் பதிஞ்சு வச்ச பாட்டு கிணத்துத் தண்ணி. கம்மியா இருந்தாலும் உன் கயிறு, உன் வாளி.

நீ வாங்கத் துடிக்கிற சாமான் தண்ணியில்ல மாப்ளே, தொட்டி. தண்ணிக்குத் தனியாத் துட்டு. அதுலயும் உன் மாசச் சந்தா போறது ஸ்பாட்டிஃபைக்கு. ரூன் தொட்டிக்குள்ள ஸ்பாட்டிஃபையும் வராது, ஆப்பிள் மியூசிக்கும் வராது. அப்ப குழாய் ஒரு தெருவுல, தொட்டி ஒரு தெருவுல. இடையில நீ குடத்தைத் தூக்கிட்டு நிக்கணும்.

சத்தம் நல்லா இருக்கும்னு எவனாவது சொல்லுவான். குழாய் கட்டினவன் சொல்லுதேன், கேளு. சிடியில இருக்குறது செகண்டுக்கு 44,100 புள்ளி. ஃப்ளாக்குன்னு ஒரு முறையில சுருக்கினா அளவு ஏறக்குறையப் பாதியாகும், ஒரு புள்ளிகூடச் சிந்தாது. அதை ஓசிச் சாமானும் துட்டுச் சாமானும் மாத்தாம அனுப்பினா, ஸ்பீக்கருக்குப் போறது ஒரே சங்கதிதான். வித்தியாசம் ஸ்பீக்கர்லதான்: அந்தக் காலத்துல காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாத்து ரேடியோக் குழாயைத் திருப்பினவனுக்குத்தான் பக்கத்தூர்ல இருந்து பாக்கு வைக்க வந்தாக. அந்த 70,000-ல முதல்ல நல்ல ஸ்பீக்கர் வாங்கு. அப்புறம் இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, பாட்டு பூராத்தையும் அதுல ஒரு பிரதி எடுத்து உங்க ஆத்தா வீட்டுல வையி. ஒரே டிஸ்க்கை நம்புறவன், மேற்குச் சுவத்துல பீரோ வச்ச என்னைவிடப் பெரிய ஆளு.

அடுத்து அடுக்குற சோலி. உங்கிட்ட இருக்குற பாட்டுல பாதி, கண்ட எடத்துல எறக்கினது. பாடினவரு யாருன்னு பாத்தா வெப்சைட்டு பேரு நிக்குது. இளையராஜாவை இங்கிலீஷ்ல ஒருத்தன் ஒரு 'ஏ' போட்டு எழுதியிருக்கான், ஒருத்தன் ரெண்டு 'ஏ', இன்னொருத்தன் 'ஐ'க்குப் பதிலா 'ஒய்'. கம்ப்யூட்டருக்கு இவரு மூணு ஆளு. இந்தச் சாமானெல்லாம் வெள்ளைக்காரன் வழக்கத்துக்குச் செஞ்சது. அங்க ஆல்பம்னா ஒரு பாடகர், ஒரு குழு. நமக்கு முதல்ல படம், அப்புறம் மியூசிக் டைரக்டர், அப்புறம் கவிஞர், பாட்டுக்கு ஒரு பாடகர். அதனால ஒரே படத்தை ஆறு துண்டா வெட்டி ஆறு அலமாரியில வைக்கும். வைத்தியம் சின்னதுதான்: 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்'னு ஒரு கட்டம் இருக்கும், அதுல படம் பூராவுக்கும் மியூசிக் டைரக்டர் பேரை ஒரே எழுத்துல அடி. எம்பி3டேக், பிக்கார்டுன்னு ரெண்டு சாமான் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஓசியிலயே கிடைக்குது. உனக்காக எவனும் வந்து இதைச் செய்ய மாட்டான், 70,000 கட்டினாலும்.

அடுக்கின பெறகு கேக்குறதுக்கும் ஓசிச் சாமான் கெடக்கு. விண்டோஸ்னா மியூசிக்பீ, ஃபூபார்2000. வீடு பூரா விடணும்னா ஜெல்லிஃபின், நாவிட்ரோம். கொஞ்சம் கையைக் காலை ஆட்டணும், நாலு நாள் மண்டை காயும். நீ செய்யுற உத்தியோகமே அதுதானே?

அப்ப யாருதான் வாங்கணும்னு கேப்ப. ஆயிரம் சிடி வச்சிருக்கவன், அதுலயும் ஜாஸு, மேல்நாட்டுச் சங்கீதம் கூட உள்ளவன், மூணு நாலு ரூம்ல ஸ்பீக்கர் வச்சவன், மண்டை காய நேரம் இல்லாதவன். வாசிச்சவன் சரித்திரத்தைப் படிச்சிக்கிட்டே கேக்குறது அவனுக்கு ஒரு சொகம். அதுக்குத் துட்டு கட்டுறதுல தப்பில்ல. அவனும் முதல்ல ஒரு வருசம் கட்டிப் பாக்கட்டும். தாலி கட்டுறதுக்கு முன்ன பொண்ணு பாக்குறது நம்ம வழக்கந்தானே. சும்மா பாக்கச் சில நாள் தருவான்ல, அந்த நாள்ல ஒரு நோட்டு போடு: எம்புட்டு நேரம் பாட்டு கேட்ட, எம்புட்டு நேரம் அட்டைப்படத்தை மாத்திக்கிட்டு இருந்த. ரெண்டாவது கணக்கு பெருசா வந்தா, உனக்கு வந்திருக்குறது என் பீரோ சீக்கு.

அப்பவும் கை அரிச்சா, ஊருக்கு வா. அந்தப் பச்சைப் பீரோ இன்னும் கெடக்கு. உங்க அத்தை சேலை வச்சிருக்கா. சேலையை எறக்கிட்டுத் தர்றேன், பாதி வெலைக்கு, ஆயுள் சந்தா. யாரு ஆயுள்னு அவகிட்ட நீயே கேட்டுக்க; நான் அந்நேரம் தெருமுக்குல டீ குடிச்சிக்கிட்டு இருப்பேன்.