நாறுகிறதா, மகனே?

எதற்கெல்லாம்தான் வரி போடுவார்கள்? மூச்சு விடுவதற்கும் வந்துவிடுமோ?

மூச்சு இன்னும் பாக்கி. ஆனால், இன்னொன்றுக்கு 1,900 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது! பொதுக் கழிப்பறைச் சிறுநீருக்கு வரி போட்டார் ரோமாபுரிப் பேரரசர் வெஸ்பாசியன். (துணி வெளுப்பவர்களுக்கு அன்று அதுதான் சோப்பு.) மகன் டைட்டஸ் முகம் சுளித்தார். வசூலான காசை அவர் மூக்கருகே நீட்டி, "நாறுகிறதா?" என்று கேட்டாராம் அப்பா. ரோமாபுரியின் கொலோசியம் அரங்கைக் கட்டத் தொடங்கியவரும் இவரே. அதை யாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்ப்பதில்லை.

சாகும்போதும் ஜோக் அடித்த அரசர் உண்டா?

அதே ஆள்தான்! செத்த பேரரசர்களைத் தெய்வமாக்குவது ரோமாபுரி வழக்கம். கடைசிப் படுக்கையில், தான் தெய்வமாகிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது என்றாராம். ஆக்கியும்விட்டார்கள்.

நீதிபதியிடம் நக்கல் பேசினால் என்ன ஆகும்?

கிரேக்க ஞானி சாக்ரடீஸைக் கேளுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பாகி, "உமக்கு என்ன தண்டனை தரலாம்?" என்றார்கள். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல அரசு செலவில் சாப்பாடு போடுங்கள் என்றார் மனிதர். கி.மு. 399. குற்றமற்றவர் என்று முதலில் வாக்களித்தவர்களில் 80 பேர், அடுத்த சுற்றில் மரண தண்டனைக்கு வாக்களித்துவிட்டதாக ஒரு பழைய குறிப்பு சொல்கிறது.