பல்லவனும் பால் புட்டியும்

மகேந்திரவர்ம பல்லவருக்கு ஒரு வீக்னஸ் உண்டு. பட்டப்பெயர். குணபரன், மத்தவிலாசன், சேத்தகாரி, விசித்திரசித்தன் என்று தனக்குத்தானே சூட்டிக்கொண்டே போனார். விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோயிலைக் குடைந்தார். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் விசித்திரசித்தன் எடுப்பித்தது என்று அதில் கல்வெட்டு. அதாவது, என்ன போட்டேன் என்பதைவிட என்னவெல்லாம் போடவில்லை என்ற லிஸ்ட்தான் முக்கியம். 'நோ மைதா, நோ சர்க்கரை, நோ பிரிசர்வேட்டிவ்' என்று பாக்கெட்டில் அச்சடிக்கும் பிஸ்கட் கம்பெனிகளுக்கு முப்பாட்டனார் இவர்தான்!

ஆனாலும் ஆளை வெறுக்க முடியாது. காமெடி நாடகம் எழுதிய ராஜா இவர். காஞ்சிபுரத்துத் தெருவில் போதையில் தள்ளாடி வரும் காபாலிகன், தன் மண்டையோட்டுப் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்த பிட்சுவின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறான். கடைசியில் பார்த்தால், தூக்கிக்கொண்டு போனது தெரு நாய். நாடகத்தின் பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. காமெடியின் தலைப்பிலும் சைலண்ட்டாகத் தன் பட்டப்பெயரை நுழைத்துவிட்டார், பாருங்கள்.

மகன் நரசிம்மவர்மர் வேறு டைப். சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி படையோடு வந்து அப்பாவைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒடுங்க வைத்ததை மனசிலேயே வைத்திருந்து, 642-ல் நேரே புலிகேசியின் தலைநகர் வாதாபிக்குப் போய்க் கணக்குத் தீர்த்தவர். மாமல்லன் என்ற அவர் பட்டப்பெயரே மாமல்லபுரம் என்று கடற்கரை ஊருக்குப் பெயராகி நிற்கிறது. அந்த மகா பயில்வானை 'வீகெண்ட் மஹாப்ஸ் போலாமா மச்சி?' என்ற அளவுக்குச் சுருக்கியது புலிகேசியின் ஆட்கள் இல்லை. நம்ம பசங்கள்.

இந்தப் பரம்பரையை இரண்டரை வயதுப் பேரனுக்கு அறிமுகப்படுத்தலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். ரோட்டில் கிளம்பினோம். பால் புட்டி, ஃபிளாஸ்க், டயபர் பை, மாற்று டிரஸ், மடக்கு வண்டி, தொப்பி, தொப்பியைப் பிடுங்கி எறிந்தால் போட இன்னொரு தொப்பி. வாதாபிக்குப் போன படை இவ்வளவு சாமான் கொண்டுபோயிருந்தால் புலிகேசி தப்பித்திருப்பார்.

முதலில் ஐந்து ரதம். மணலில் மடக்கு வண்டி உருளாது என்ற உண்மை வாசலிலேயே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் வண்டியை நாங்கள் சுமந்தோம், பேரனை மாப்பிள்ளை சுமந்தார். "இதுதான்டா கண்ணா தர்மராஜா ரதம்" என்று ஆரம்பித்தேன். உண்மையில் தர்மராஜாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாண்டவர் பெயரெல்லாம் ஊர் ஜனங்கள் பிற்பாடு ஒட்டியது. திரௌபதி ரதத்துக்குள் இருப்பது துர்க்கை. ரதம் என்கிறோமே, ரதமும் இல்லை. பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயிலாக்கப் பார்த்திருக்கிறார்கள்.

"எப்ப மாமா முடிச்சாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"எங்க முடிச்சாங்க? பாதியில நிக்குது, அடியில பாருங்க."

"அப்ப எங்க பில்டர் பரவாயில்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

யார் கட்டினது என்பதிலும் தகராறு உண்டு. தர்மராஜா ரதத்தில் வரிசையாகப் பட்டப்பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், அப்பா வைத்துக்கொண்ட பட்டத்தைப் பிள்ளையும் வைத்துக்கொள்கிற குடும்பம் இது. 'அத்யந்தகாமன்' என்று கல்லில் இருந்தால் எந்த அத்யந்தகாமன்? 1962-ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, மாமல்லபுரம் மொத்தமும் ராஜசிம்மன் வேலைதான் என்று ஒரு குண்டைப் போட்டார். ராஜசிம்மன் மாமல்லனின் கொள்ளுப்பேரன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் 200-க்கும் மேற்பட்ட பட்டப்பெயர்களை வெட்டி வைத்தவர். சண்டை இன்னும் முடியவில்லை. பேர் நிலைக்க வேண்டும் என்று கல்லில் வெட்டினார்கள். இத்தனை பேரை வெட்டியதால்தான் யார் பேர் என்றே தெரியவில்லை!

இந்தச் சர்ச்சையைப் பேரன் ஒரே நிமிஷத்தில் தாண்டிப் போனான். நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் நிற்கும் கல் யானையிடம் போய், கையில் பாதி ஊறிப்போன பிஸ்கட்டை நீட்டி, "யானை, ஆ சொல்லு" என்றான். சொல்லவில்லை. தும்பிக்கையில் பிஸ்கட்டைத் தேய்த்தான். 1,300 வருஷமாக எல்லோரும் அதன் கலையழகைத்தான் பேசியிருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். காவலாளி விசில் ஊதினார்.

அடுத்தது வெண்ணெய் உருண்டைக் கல். எடை 250 டன் என்கிறார்கள். 1908-ல் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்று கைடுகள் சொல்லும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அருமையான கதை. ஒரே ஒரு ஓட்டை: ஹேவ்லாக் 1900-லேயே பதவி முடிந்து போய்விட்டார். 1908-ல் கவர்னர் ஆர்தர் லாலி. எந்த ஆர்தர் எந்த யானையைக் கூப்பிட்டாரோ! 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இதன் முன்னால் கைகோத்து நின்று போட்டோ எடுத்தார்கள். அதற்கப்புறம் உருண்டையைப் பார்க்கவும் டிக்கெட் வைத்துவிட்டார்கள். பேரன் உருண்டையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்துச் சரிவுப் பாறை, சறுக்கி விளையாடியவர்களின் புண்ணியத்தில் வழவழவென்று ஆகியிருக்கிறது. அதில் சறுக்கினான். மறுபடி சறுக்கினான். பாட்டி கத்தினாள். மறுபடி சறுக்கினான்.

கடைசியில் அர்ஜுனன் தபசு. கிட்டத்தட்ட 100 அடி நீளம், 40 அடிக்கு மேல் உயரம். தேவர், நாகர், யானைக் கூட்டம் என்று ஒரு உலகமே பாறையில். விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்பவர் அர்ஜுனனா, கங்கைக்காகத் தவமிருந்த பகீரதனா என்று பண்டிதர்கள் 100 வருஷத்துக்கு மேலாக மல்லுக்கட்டுகிறார்கள். பேரன் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே பெரிய யானைக்கு முன்னால் விரலை நீட்டி, "தாத்தா, மியாவ்!" என்றான்.

இருக்கிறது. முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அந்தத் தபசியை அச்சு அசலாக இமிடேட் செய்து நிற்கும் ஒரு பூனை. காலடியில் அதை நம்பிக் கும்பிடும் எலிகள். சற்றுத் தள்ளித் தனிச் சிற்பமாகக் குட்டியோடு குரங்குக் குடும்பம், பேன் பார்த்துக்கொண்டு. ராஜா காசில், ராஜா ஆர்டரில், தவத்தையே நக்கல் அடித்த அந்தச் சிற்பிக்கு என் ஓட்டு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்த ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

அவர் பெயர் பாறையில் இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, பூஞ்சேரியில் ஒரு பாறையில் தச்சர்களும் கொல்லர்களும் தங்கள் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று ஆளுக்கு ஒரே ஒரு பெயர். திரும்பும் வழியில் பிள்ளை தூங்கியிருக்கும். ஒருத்தர் காரில் இருங்கள், மற்றவர்கள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.