கூடுதல் பொறுப்பு

என் 19ஆவது வயதில் என் கணையம் விருப்ப ஓய்வில் போய்விட்டது. முன்னறிவிப்பு இல்லை, பிரிவு உபசார விழாவும் இல்லை. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை என் உடம்பின் காவல்படையே திருடன் என்று நினைத்து அடித்துத் தீர்த்துவிட்டதாக டாக்டர் சொன்னார். அதற்குப் பெயர் டைப் 1 சர்க்கரை நோய். அன்றிலிருந்து அந்த சீட்டின் கூடுதல் பொறுப்பு என்னிடம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறவனுக்குக் கூடுதல் பொறுப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கோப்பு முழுக்க நம்முடையது, தப்பு நடந்தால் கையெழுத்தும் நம்முடையது, படி மட்டும் வராது.

"சின்ன வயசுல மிட்டாய் நிறையத் தின்னியோ?" என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. இது மிட்டாயால் வருவதும் இல்லை, பாகற்காய்ச் சாறால் போவதும் இல்லை. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடும்வரை எங்கள் வகையறாவுக்குப் பட்டினிதான் வைத்தியம். அதுவும் சாவைக் கொஞ்சம் தள்ளிப்போட மட்டும். இப்போது நாலு இட்லியைப் பார்த்தால் என் கண்ணுக்கு மாவுச்சத்துக் கணக்குத்தான் தெரிகிறது. கூட்டி, வகுத்து, அத்தனை யூனிட் வயிற்றில் போட்டுக்கொண்ட பிறகே சட்னி பக்கம் கை போகும்.

25 வருடமாக இந்தக் கணக்கு ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முக்கியக் காரணம், நான் ஓடாததுதான். போன தை மாதம் மொட்டை மாடிக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் வீட்டைக் கூட்டி அறிவித்தேன்: "வசீம் அக்ரமுக்கும் இதே வியாதிதான். 1997ல் தெரிய வந்தது. அதுக்கப்புறமும் 2003 உலகக் கோப்பை வரைக்கும் பந்து போட்டாரு."

"அவரு பந்து போட்டாரு. நீங்க டிவி ரிமோட்டையே நான் எடுத்துக் குடுத்தாத்தான் தொடுறீங்க" என்றாள் மனைவி.

வீம்புக்குப் புது ஷூ வாங்கி, மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் இறங்கினேன். நாலரை மணிக்கு இரண்டு உளுந்த வடை, அதற்குண்டான முழு ஊசி, ஐந்தரைக்கு நடை. இருபதாவது நிமிடம் முதுகில் வியர்வை ஊற்றியது, கை நடுங்கியது. பக்கத்தில் நடந்துவந்த ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஐயா பூரித்துப்போனார்: "நல்லா வேர்க்குது தம்பி, கொழுப்பு கரையுது. விடாத, நட!" நானும் அதை நம்பி நடந்தேன். உழைத்த வியர்வைக்கும் சர்க்கரை இறங்கிய வியர்வைக்கும் நிறமா இருக்கிறது? மைதானம் லேசாகச் சாய ஆரம்பித்த பிறகுதான், கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவை அனுப்பும் கைபேசியைப் பார்த்தேன். 61.

கடைக்கு ஓடி மூன்று கடலைமிட்டாய் தின்றேன். ஏறவில்லை. இன்னும் மூன்று தின்றேன். கடலையில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை ஆடி அசைந்து ஆமை மாதிரிதான் கொண்டுவரும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ராத்திரி ஏழு மணிக்கு ஆறு மிட்டாயும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின.

இறங்கியதால்தானே வம்பு என்று மறுநாள் ஊசியே போடாமல், வடையோடு கேசரியும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். நடக்க நடக்கக் குறையும் என்பது என் திட்டம். கால் ஈயமாகக் கனத்தது, தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. 312. ஒரு மணி நேரம் நடந்த பிறகு 338. இன்சுலினே இல்லாவிட்டால், நான் நடப்பதைப் பார்த்து ஈரல் பாவம் என்று தன் கிடங்கைத் திறந்து இன்னும் சர்க்கரையை அனுப்புமாம்.

மூன்றாம் நாள் புத்தியாக 148ல் கிளம்பினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்டக்டர் ஐயா, "அந்தக் கம்பம் வரைக்கும் ஓடுவமா தம்பி?" என்று கேட்டார். 68 வயது மனிதரிடம் தோற்க மனம் இல்லை. ஆனாலும் நாலு தடவை ஓடி நாலு தடவையும் தோற்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் 231. ஓடியதற்குப் பரிசாக ஏறியிருந்தது! கோபத்தில் சரிக்கட்ட ஓர் ஊசி போட்டுக்கொண்டு படுத்தேன்.

மூன்று நாள் வண்டவாளத்தையும் கேட்ட டாக்டர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வேலை செய்யும் தசை, இன்சுலின் வந்து தட்டாமலே சர்க்கரைக்குக் கொல்லைக் கதவைத் திறந்துவிடும். முன்வாசலில் நான் போட்ட ஊசியும் நின்றால், இரண்டு வாசலிலும் சரக்கு போகும். அது முதல் நாள் கதை. வேகமாக ஓடினாலோ பளு தூக்கினாலோ அட்ரினலின் பொங்கி, கொஞ்ச நேரம் சர்க்கரை ஏறும், தானே இறங்கும். அதற்குள் அவசரப்பட்டு ஊசி போடுகிறவன் ராத்திரி மாட்டுவான். ஏனென்றால் தசை அன்று செலவழித்த கையிருப்பை நாம் தூங்கும்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் வரைக்கும் இறங்கும் அபாயம் உண்டு.

இப்போது எனக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. கிளம்பும்போது 126க்கும் 180க்கும் நடுவில் இருந்தால் உத்தமம். 90க்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் ஷூவை மாட்டுவது. 270ஐத் தாண்டினால் கீட்டோன் பார்க்காமல் வாசலைத் தாண்டுவதில்லை. நடைக்கு முந்தைய சாப்பாட்டு ஊசியிலும், அன்றைய ராத்திரி ஊசியிலும் டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு குறைப்பு. சட்டைப்பையில் மூன்று ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம். சுமார் 15 கிராம். 70க்குக் கீழே போனால் அதைக் கொட்டிக்கொண்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

பொட்டலத்தை எடுக்க மறந்து ஒருநாள் சட்டையைக் கொடியில் தொங்கவிட்டேன். காலையில் ஜன்னல் விளிம்பிலிருந்து பை வரைக்கும் எறும்பு வரிசை. எங்கள் வீட்டில் சர்க்கரையைச் சரியாக நிர்வகிக்கும் ஜீவன்கள் அவைதான்.

மூன்றாம் நாள் ராத்திரியைச் சொல்லாமல் விட்டேன். இரண்டே கால் மணிக்குச் சென்சார் அலறியது. 56. அலறலில் எழுந்தது நான் இல்லை, மனைவி. நான் கனவில் இன்னும் கம்பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். உலுக்கி உட்காரவைத்து, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த டப்பாவோடு வந்தாள். சர்க்கரை இறங்கியவனுக்கு வரும் பசி, பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளியின் பசி. டப்பாவையே விழுங்கத் தோன்றும். அவள் எண்ணி மூன்று ஸ்பூன் ஊட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டு நிமிடம் ஆகியிருக்கும். நைசாகக் கையை நீட்டினேன். டப்பாவை மடியில் வைத்து மூடியை அழுத்திக்கொண்டு கேட்டாள்:

"என்னங்க, கூடுதல் பொறுப்புல இருக்கிறவங்களுக்கு விருப்ப ஓய்வு தருவாங்களா?"

"விதியில இடமில்லை."

"அப்ப இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு" என்றாள்.