மாஜி ஆர்எக்ஸ்காரர்

தொகுதிக்குத் தொகுதி நாலைந்து மாஜி எம்.எல்.ஏ.க்கள் இருப்பார்கள். தெருவுக்குத் தெரு ஒரு மாஜி ஆர்எக்ஸ்காரர் இருப்பார். முன்னவருக்கு அரசாங்கம் பென்ஷன் கொடுக்கிறது. பின்னவர் தன் பழைய கௌரவத்தைத் தானேதான் கட்டிக் காக்க வேண்டும். அதற்கு வாயைத் தவிர அவரிடம் வேறு முதல் கிடையாது.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். வயது ஐம்பதைச் சுற்றி இருக்கும். வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை, அல்லது சொந்தமாக ஒரு ஹார்டுவேர் கடை. வாசலில் வெள்ளை எர்டிகா. பின் கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர், உள்ளே டிஷ்யூ பெட்டி, வாந்திக்கென்று மடித்து வைத்த நாலு பாலித்தீன் பைகள். இதெல்லாம் வெளிவேஷம். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆர்எக்ஸ் 100 போகிற சத்தம் கேட்கட்டும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சாம்பார் ஊற்றுகிறவரைக் கையமர்த்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார்.

"எண்பத்தொம்போது மாடல். கார்ப்ரேட்டர் ஒரிஜினல் ஜப்பான். சைலன்சரை மட்டும் மாத்திட்டான், பாவிப்பய."

வண்டி அதற்குள் மேம்பாலம் ஏறியிருக்கும். ஓடிப்போய் யாரும் ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு வரப்போவதில்லை என்ற தைரியம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக அந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1985இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ஜப்பானின் யமஹாவோடு சேர்ந்து இறக்கியது. 98 சி.சி., 11 குதிரைச் சக்தி, எடை சுமார் 103 கிலோ. டூ ஸ்ட்ரோக் எஞ்சின். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வேலை செய்யும். இது சுற்றுக்குச் சுற்று வேலை செய்யும். முறுக்கிய மாத்திரத்தில் பாய்வதற்குக் காரணம் அதுதான். ஆனால் உள்ளே போகிற பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியே வந்துவிடும். ஊற்றிய ஆயிலும் கூடவே எரிந்து வெள்ளைப் புகையாகப் போகும். சாதாரண மனிதர் இதை நஷ்டம் என்பார். மாஜி இதை வாசனை என்பார். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக ஆரம்பித்த 1996இல் உற்பத்தி நின்றது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் மாஜி ஏதோ ஆட்சிக் கவிழ்ப்பு நடந்ததுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

இந்த இனத்தில் கிளைகளும் உண்டு. மைசூரில் செய்த எஸ்டியை ஓட்டியவர்கள் ஒரு பிரிவு; உதைத்துக் கிளப்பிய அதே கம்பியை மடக்கிக் கியராக்கிக்கொண்ட வித்தையை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். திருவொற்றியூர் புல்லட்காரர்கள் இன்னொரு பிரிவு. வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருந்த காலத்தவர்கள்; வேறு எந்த வண்டியில் ஏறினாலும் நிறுத்துவதற்குப் பதில் கியரை மாற்றி எதிரில் இருப்பவர்களைக் கலவரப்படுத்துவார்கள். ஆனாலும் பேச்சுவளத்தில் ஆர்எக்ஸ் பிரிவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆர்எக்ஸ் 100க்கு எந்தப் புத்தகத்திலும் அச்சாகாத ஒரு குணம் உண்டு. விற்ற பிறகுதான் அது வேகம் பிடிக்கும். கையில் இருந்த காலத்தில், டேங்க்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு ஓட்டினால் தொண்ணூறைத் தாண்டும். விற்று அட்வான்ஸ் வாங்கிய அன்று நூறைத் தொட்டது. மூத்தவன் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது நூற்றுப் பத்து. எர்டிகாவுக்கு முதல் தவணை கட்டிய மாதம் நூற்று இருபது. இப்போது மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வண்டி நூற்று நாற்பதில் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு சேர்ந்து ஊர்களும் நெருங்கி வந்துவிட்டன. திருச்சியிலிருந்து சென்னை முந்நூற்று இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. நாலு வழிச் சாலை வராத காலம். எதிரே மாட்டு வண்டி, பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். அந்தப் பாதையை முதலில் ஏழு மணி நேரத்தில் கடந்தவர், பிறகு ஐந்தரையில் கடந்தார், இப்போது மூன்றே முக்காலில் கடக்கிறார். "நடுவுல விக்கிரவாண்டியில டீ வேற சாப்பிட்டோம்."

அந்த 'டோம்' ஆபத்தானது. பின்னால் உட்கார்ந்து வந்த நண்பர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் விசாரித்தால் டீயைப் பற்றி ஒன்றும் ஞாபகம் இல்லை என்பார். உளுந்தூர்ப்பேட்டையில் வண்டி நின்றுபோனது மட்டும் ஞாபகம் இருக்கும். பிளக்கில் ஆயில் அடைத்துக்கொண்டது. மாஜி சட்டைப் பையிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்தார், சுடச்சுட இருந்த பிளக்கை வேட்டி நுனியால் பிடித்துக் கழற்றினார், கரி பிடித்த முனையைத் தீப்பெட்டியின் பக்கவாட்டில் தேய்த்தார், ஊதினார், மறுபடி தேய்த்தார். மூன்று தீப்பெட்டி காலி. "சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு சார், எனக்குப் பசி மயக்கமே வந்துடுச்சு." நண்பர் இதைச் சொல்லும்போது மாஜி கைபேசியில் ஏதோ முக்கியமான செய்தி வந்ததுபோல் எழுந்து போய்விடுவார்.

இப்பேர்ப்பட்ட வண்டியை ஏன் விற்றார்? எந்த மாஜியும் ஒரே நாளில் விற்கவில்லை. வண்டி அவரிடமிருந்து தவணை முறையில் பறிபோனது. முதல் தவணை சேலை கார்டு. பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஷோரூமிலிருந்து வந்த அன்றே அதைக் கழற்றிப் பரணில் எறிந்தவர், நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, மெக்கானிக்கிடம் ரகசியமாகக் கொண்டுபோனார். சந்நியாசம் கலைந்தது ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது, மனைவி கால் வைத்துக்கொள்ள இடப்பக்கம் ஒரு தட்டு. மூன்றாவது, டேங்க்மேல் குழந்தை. குழந்தை ஹாரனையும் இண்டிகேட்டரையும் ஆண்டுவந்தது. அப்பா பின்னால் சும்மா பாரம் தாங்கினார்.

கடைசி அடி ஒரு முகூர்த்தத்தில் விழுந்தது. மண்டபத்தில் இறங்கியதும் மனைவி பட்டுப்புடவையின் முந்தானையை முகர்ந்து பார்த்தார்.

"மல்லிப்பூ வாசனை வரணுங்க. மெக்கானிக் கடை வாசனை வருது."

ஒன்பதாயிரத்துக்கு வண்டி போனது. அதன் இடத்தில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதன் கால்வைக்கும் பலகையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை நிற்கும் என்பதைக் கண்டுபிடித்த நாள்முதல் வீட்டுக்குள் ஆர்எக்ஸுக்காகப் பேச நாதியில்லை. நன்றாக வைத்திருக்கும் ஆர்எக்ஸ்களுக்கு இன்று லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். இந்தச் செய்தியை மாஜியிடம் சொல்லும்போது பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு அப்பா, அம்மா, மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம் ஸ்கூட்டரில் அடங்காத நிலைக்கு வந்தது. கார் வாங்கப் போனார்கள். ஷோரூமில் மாஜி பானெட்டைத் திறக்கச் சொல்லி, இடுப்பில் கை வைத்து, எஞ்சினை முறைத்துப் பார்த்தார். "பிக்-அப் எப்படி? டார்க் எவ்வளவு வரும்?" விற்பனைப் பையன் ஏதோ எண்களை ஒப்பித்தான். மனைவி ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போனார். மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்தால் எர்டிகாவில் சாமான் வைக்க 209 லிட்டர் இடம். அவர் லிட்டரெல்லாம் கேட்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த கட்டைப்பையை நிற்கவைத்துப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், கதவை மூடித் திறந்தார். இரண்டாவது வரிசைக்குக் கூரையில் ஏ.சி. இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். பையன் அந்த நொடியே மாஜியை விட்டுவிட்டு அவர் பக்கம் போய்விட்டான். எவரிடம் விலை பேச வேண்டும் என்பது அவனுக்குத் தொழில்.

சமயபுரத்தில் பூஜை. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். முதல் கியர் போட்டு நாலையும் நசுக்கினார். அந்த வண்டியை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரே சாகசம் அதுதான்.

அவரோடு ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். முன்னிருக்கையில் அம்மா, நடுவரிசையில் மாமியாரும் மனைவியும், கடைசியில் பிள்ளைகளும் தூக்குவாளிப் புளியோதரையும். சமயபுரம் டோல்கேட் தாண்டியதும் சாலை விரிந்து கிடக்கும். மாஜியின் வலது மணிக்கட்டு ஸ்டியரிங்மேல் தன்னையறியாமல் முறுக்கும். அதனால் எந்தப் பயனும் இல்லை என்று உறைத்த பிறகு கால் அழுத்தும். எழுபத்தைந்து, எண்பது, எண்பத்திரண்டு. 'டிங்' என்று ஒரு மணி. 2019 ஜூலை முதல் வரும் கார்களில் இந்தக் காவல் கட்டாயம். எண்பதைத் தாண்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும், நூற்றிருபதைத் தாண்டினால் நிறுத்தாமல் ஒலிக்கும்.

"என்ன தம்பி மணி அடிக்குது?" அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. எண்பதைத் தாண்டினா அடிக்கும்."

"அப்ப ஏன் தாண்டுற?"

நடுவரிசையிலிருந்து மாமியார் குரல் மரியாதையோடு வரும். "மாப்ள, இன்னிக்கு விட்டா திங்கக்கிழமை நடை திறப்பாங்க. நாம மெதுவாவே போலாம்."

கால் தளரும். முள் அறுபதில் வந்து குடியேறும். பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் பால் கேன் கட்டிய ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் எர்டிகாவை முந்திக்கொண்டு போகும். மாஜி அதைப் பெருந்தன்மையோடு பார்ப்பார். "போகட்டும். பால் கெட்டுடும்ல."

வேடிக்கை என்னவென்றால், அந்த எர்டிகாவில் ஒன்றரை லிட்டர் எஞ்சின், ஏறத்தாழ நூறு குதிரைச் சக்தி. ஆர்எக்ஸுக்கு அவர் வாயாலேயே ஏற்றிக்கொடுத்த அந்த நூற்று நாற்பது, இதற்கு ஒரு பொருட்டே இல்லை. உண்மையிலேயே அந்த வேகம் போகக்கூடிய வண்டி கைக்கு வந்த பிறகு அவர் அறுபதில் போகிறார். தொண்ணூறில் திணறிய வண்டி நினைவில் பறக்கிறது. ஹெட்லைட் ஆட ஆரம்பித்ததும் தோளைப் பிடித்து அமுக்கி அமுக்கி நிறுத்தச் சொன்னது யார் என்பது மனைவிக்குத் தெரியும். அவர் ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. நல்ல குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

இந்த இனத்தாருக்கு வாழ்க்கையில் ஒரு சோதனை வரும். வண்டியை வாங்கிக்கொண்டுபோன தம்பி ஒருநாள் போன் செய்வான். அதுவரை மாஜிதான் அவனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார், கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கிற தகப்பன் மாதிரி: ஆயில் சரியாக ஊற்றுகிறானா, மழையில் நிறுத்துகிறானா. இப்போது அவனே கூப்பிடுகிறான்.

"அண்ணே, வீட்ல ரெண்டாவது குழந்தை பொறந்துருக்கு. ஸ்கூட்டர் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. வெளியாளுக்குத் தர மனசில்லண்ணே. உங்களுக்குன்னா எண்பது ரூவாய்க்கு முடிச்சுக்கலாம்."

மாஜி ஸ்பீக்கரில் போட்டிருந்தது தப்பு. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "வாங்கிக்கங்களேன். கார் பக்கத்துல இடம் கெடக்கு. பணம் நான் தரேன்."

இருபது வருஷமாக 'இவ விடமாட்டா' என்ற ஒரே தூணில் கட்டியிருந்த மாளிகை சரிந்தது. மாஜி யோசித்தார். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் என்றார். புதுப்பித்துத்தான் வைத்திருக்கிறேன் என்றான் தம்பி. இன்சூரன்ஸ் என்றார். அதுவும் இருந்தது. முழங்கால் வலி என்றார். வீட்டிலேயே யாரும் கேட்கவில்லை.

போனார். உதைத்தார். ஏழாவது உதையில் வண்டி எழுந்தது, வெள்ளைப் புகை தெருவை நிறைத்தது, எதிர்வீட்டுப் பாட்டி கொசு மருந்து என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினார். மாஜி தெருமுனைவரை போனார், பைபாஸில் ஏறினார், திரும்பி வந்தார். இறங்கி ஸ்டாண்ட் போட்டுவிட்டு, வாய் திறக்காமல் டேங்கைத் தட்டினார்.

"என்னண்ணே, எப்படி இருக்கு?"

"கெடுத்துட்டியேப்பா. எங்கிட்ட நூத்தி நாப்பது போன வண்டி. உங்கிட்ட வந்து எழுபதுக்கே நடுங்குது. இதை நான் எப்படி வாங்குறது?"

தம்பி வண்டியை ஒரு கல்லூரிப் பையனுக்குக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டர் எடுத்தான். அடுத்த வாரமே டீக்கடையில் அவன் குரல் கேட்டது: "அண்ணன் வச்சிருந்தப்ப நூத்தி நாப்பதுதான் போச்சாம். நான் போர் போட்டு, கார்ப்ரேட்டர் டியூன் பண்ணி, நூத்தி அறுபது பார்த்திருக்கேன்."