இதுவும் டெண்டர்தாண்ணே

எனக்குத் தெரிந்த டெண்டர் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவரோடு சிராங்கூன் ரோட்டில் நடப்பது பெரும்பாடு. தேக்காவில் கிளம்பி முஸ்தபா போய்ச் சேர்வதற்குள் இருபது இடத்தில் நின்றுவிடுவார். நாம் குப்பைத்தொட்டியைக் கண்டால் குப்பையைப் போடுவோம். அவர் குனிந்து அதில் ஒட்டியிருக்கும் கம்பெனிப் பெயரைப் படிப்பார். "இதுவும் டெண்டர்தாண்ணே. நம்ம ஆளு ஒருத்தரும் போட்டிருந்தாரு. நாலாயிரம் வெள்ளியில போச்சு."

மரக்கிளை வெட்டும் லாரி நின்றால் டெண்டர். புளோக்குக்குக் கீழே கொசுமருந்துப் புகை கிளம்பினால் டெண்டர். நாம் மூக்கைப் பொத்துவோம், அவர் புகைக்குள்ளேயே நின்று சீருடையின் முதுகைப் படிப்பார். வீரமாகாளியம்மன் கோயிலில் கும்பிட்ட கை கீழே இறங்கவில்லை, எதிரே நடைபாதையில் கல் மாற்றுகிறவர்கள் கண்ணில் பட்டுவிட்டார்கள். "ஆயிரத்து இருநூறு வெள்ளியில தவறிச்சுண்ணே." அம்மன்கூட ஒரு கணம் வருத்தப்பட்டிருப்பாள். இத்தனை வருடத்தில் அவர் ஜெயித்த டெண்டர் ஒன்றைக்கூட எனக்குக் காட்டியதில்லை. தீபாவளி விளக்கலங்காரத்தைத்தான் அவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அது லிட்டில் இந்தியா கடைக்காரர் சங்கமான லிஷாவின் ஏற்பாடு, ஜீபிஸில் வராது.

ஜீபிஸ் அவருக்குக் குலதெய்வம். 2000-ல் வந்த அரசாங்கக் கொள்முதல் தளம் என்று நமக்குத் தெரியும். அவர் அதற்குப் பக்தர். ஆறாயிரம் வெள்ளி வரை சின்னக் கொள்முதல், அதற்கு மேல் தொண்ணூறாயிரம் வரை விலைக்கேட்பு, அதையும் தாண்டினால் டெண்டர் என்று தே தாரே ஆறுவதற்குள் மூன்று முறை ஒப்பித்துவிடுவார். யாருக்கு, என்ன விலைக்குக் கிடைத்தது என்பதெல்லாம் அதிலேயே போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசில்லை. அதைப் பார்த்துச் சொல்லத்தான் இவருக்குக் காசு.

என் சித்தப்பா சைவச் சமையல்காரர். கல்யாணம், காதுகுத்து என்று ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், "பள்ளிக்கூட முகாமுக்குச் சாப்பாடு, விலைக்கேட்பு வந்திருக்குண்ணே" என்று ஆசை காட்டி எண்ணூறு வெள்ளி முன்பணம் வாங்கினார். உள்ளதைச் சொல்லவேண்டும், உழைக்கவும் செய்தார். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். கோப்பிக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போடும் வரை உட்கார்ந்து, போனில் கம்பெனிகளுக்கான கார்ப்பாஸ் கணக்கைப் போட்டுக் கொடுத்து, விலைக்கேட்பின் நாற்பது பக்கத்தையும் வரி வரியாகத் தமிழில் சொன்னார். நஷ்டஈட்டு விதி ஒன்று முக்கால் பக்கத்துக்கு நீண்டது. "லேட்டானா காசை வெட்டுவான்" என்று முடித்தார். எந்த வக்கீலும் அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரேதான் படித்தார். "சைவம்தானே, கறியே கிடையாது, என்ன பிரச்சினை?" என்று தாண்டிப் போய்விட்டார். பள்ளிகளுக்குச் சாப்பாடு என்றால் அந்தச் சான்றிதழ்தான் முதல் கேள்வி. தேக்காவில் பரோட்டா போடுகிற பையனுக்குக்கூடத் தெரியும். விலையைப் பார்க்கிற கட்டத்துக்கே சித்தப்பா போகவில்லை.

முடிவு வந்த அன்று ஆள் ஜீபிஸைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "நம்ம விலைதாண்ணே கம்மி. அவன் முந்நூறு வெள்ளி கூட." முகத்தில் அப்படியொரு பூரிப்பு! இனி அந்தப் பள்ளியைக் கடக்கும்போதெல்லாம் சொல்ல அவருக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. எண்ணூறு வெள்ளி போனது சித்தப்பாவுக்கு.

"எழுத்துல இல்லாம எதையும் செய்யாதீங்க, ரசீது இல்லாத செலவே கூடாது" என்று சின்னக் கடைக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிற மனுஷர், அந்த முன்பணத்துக்கு இன்றுவரை ரசீது தரவில்லை. கேட்டால், "நமக்குள்ள என்னண்ணே" என்கிறார்.